பழைய ஹார்ட் டிஸ்க்கில் டிஃப்ராக் சீக்கிரம் முடிய என்ன செய்யலாம்?

டிஃப்ராக்கை, அதாவது டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒன்று சேர்க்கும் வேலையை, ஓடவிட்டுப் படுக்கப் போகிறோம். காலையில் எழுந்து பார்த்தால் இன்னும் 18 சதவீதத்திலேயே நிற்கிறது. பழைய கம்ப்யூட்டரில் இது அடிக்கடி நடப்பதுதான். டிஃப்ராக் விண்டோவுக்குள் வேகத்தைக் கூட்டும் பட்டன் எதுவும் கிடையாது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அதைத் தொடங்குவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. டிஸ்க்கில் காலியிடம் எவ்வளவு இருக்கிறது, நகர்த்த வேண்டிய சுமை எவ்வளவு, நடுவில் வேறு எந்தெந்த புரோகிராம்கள் அதே டிஸ்க்கைத் தொடுகின்றன என்ற மூன்றும்தான் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் முக்கால்வாசி, தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது. விண்டோஸ் எக்ஸ்பி முதல் விண்டோஸ் 10 வரை ஓடும், சுழலும் தகடு உள்ள ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இது பொருந்தும்.

ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது

ஹார்ட் டிஸ்க்குக்குள் தகடுகள் சுழன்றுகொண்டே இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் ஹெட்கள் எல்லாம் ஒரே கையில் பொருத்தப்பட்டவை. அந்தக் கை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்குத்தான் போக முடியும். பழைய லேப்டாப்புகளில் வழக்கமாக இருக்கும் 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) டிஸ்க்கில் தகடு ஒரு முறை சுற்றிவர 11.1 மில்லிசெகண்ட் ஆகும். வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வந்து சேரும்வரை சராசரியாக அரைச்சுற்று, அதாவது ஐந்தரை மில்லிசெகண்ட், காத்திருக்க வேண்டும். கை நகர்ந்து போய்ச் சேர ஏறத்தாழ 12 மில்லிசெகண்ட். ஆக, ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தாவ 17 அல்லது 18 மில்லிசெகண்ட்.

கேட்பதற்குச் சின்ன எண்ணாகத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 80 எம்பி படிக்கும் டிஸ்க்கில், ஒரே துண்டாக இருக்கும் 100 எம்பி ஃபைலைப் படிக்க ஒன்றேகால் விநாடி போதும். அதே ஃபைல் 2000 துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால், தாவுவதற்கு மட்டும் 35 விநாடி கூடுதலாகப் போகும். டிஃப்ராக் செய்யும்போது வேலை இன்னும் அதிகம். சிதறிய துண்டைப் படிக்க ஓரிடம், எழுத இன்னோரிடம், துண்டு எங்கே போனது என்று ஃபைல் அட்டவணையில் பதிய மூன்றாவது இடம் என்று ஒவ்வொரு துண்டுக்கும் கை பலமுறை அலைகிறது. பிராசஸர் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இந்த அலைச்சலைக் குறைக்க முடியாது. கூடுதல் ரேம் போட்டாலும் டிஃப்ராக் வேகமாகாது. ரேம் மிகக் குறைவாக இருந்து, விண்டோஸ் ஓயாமல் பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் ஃபைல்) தொட்டுக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம் தெரியும்.

முதல் வேலை: அது ஹார்ட் டிஸ்க்தானா?

பழைய கம்ப்யூட்டரை வாங்கியவர்களும், யாரோ ஒருவரிடம் கொடுத்து மேம்படுத்தியவர்களும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உள்ளே எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் டிரைவ்) இருந்தால் டிஃப்ராக் தேவையே இல்லை. அதில் நகரும் கை கிடையாது என்பதால் துண்டுகள் சிதறிக் கிடந்தாலும் பெரிய வேகக்குறைவு வராது. எழுதும் ஆயுள் மட்டும் வீணாகத் தேயும். விண்டோஸ் 8, 10 ஆகியவற்றில் சி டிரைவ் மேல் ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், ஆப்டிமைஸ் என்று போனால் 'மீடியா டைப்' என்ற பத்தி இருக்கும். அங்கே 'ஹார்ட் டிஸ்க் டிரைவ்' என்று இருந்தால் மேலே படியுங்கள். 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று இருந்தால் விண்டோஸ் தானே அதற்குரிய ட்ரிம் வேலையை (அழித்த ஃபைல்களின் இடத்தை டிரைவுக்குத் தெரிவிப்பது) செய்துகொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7-லும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸ் என்ற பகுதியில் தெரியும் மாடல் எண்ணை இணையத்தில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

டிஸ்க் நலமாக இருக்கிறதா?

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். டிஃப்ராக் என்பது டிஸ்க்குக்கு மணிக்கணக்கில் ஓயாத ஓட்டம். சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்கை அப்படி ஓடவிட்டால் உள்ளே இருக்கும் படங்களும் ஆவணங்களும் திரும்பக் கிடைக்காமல் போகலாம். எனவே முக்கியமானவற்றை வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்க் தன்னைப் பற்றிப் பதிந்து வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரங்கள் பட்டியலாக வரும். அதில் நான்கு வரிகளைப் பார்த்தால் போதும். 05 என்ற வரி, கெட்டுப்போனதால் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கூறுகளின்) எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். சி6 என்பது சரிசெய்யவே முடியாதவை. சி7 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்து வந்த தடவைகள். வலப்பக்கம் உள்ள 'ரா வேல்யூஸ்' பத்தியைத்தான் பார்க்க வேண்டும். இந்த மென்பொருள் அதைப் பதினாறடிமான எண்ணாகக் காட்டும் என்பதால் எழுத்துகள் கலந்து வந்தால் பயப்பட வேண்டாம். எல்லாமே பூஜ்யங்களாக இருந்தால் நல்லது.

சி5, சி6 இரண்டில் ஒன்றிலாவது பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் டிஃப்ராக்கை மறந்துவிட்டு உள்ளே இருப்பதை வெளியே காப்பி செய்யுங்கள். டிஃப்ராக் ஒரே சதவீதத்தில் மணிக்கணக்கில் உறைந்து நிற்பதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. படிக்க முடியாத ஒரு செக்டரை டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றுகொண்டிருக்கும். அப்போது கேஸுக்குள்ளிருந்து சீரான இடைவெளியில் 'டக்... டக்...' என்ற ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். சி7 மட்டும் கூடிக்கொண்டே போனால் டிஸ்க் மேல் பழி போட வேண்டாம், பெரும்பாலும் கேபிள்தான் கோளாறு. கேபிளை மாற்றினால் எண் அதற்கு மேல் ஏறாது. ஏற்கெனவே பதிவான எண் மட்டும் அப்படியே நிற்கும்.

அதே மென்பொருளில் வெப்பநிலையும் தெரியும். சும்மா இருக்கும்போதே 50 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கேஸுக்குள் தூசி அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்து, டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் டூல்ஸ் பகுதிக்குப் போய் 'எரர் செக்கிங்' ஓடவிடுங்கள். எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7-இலும் ஃபைல் சிஸ்டம் பிழைகளைத் திருத்தும் முதல் டிக் மட்டும் போதும். பேட் செக்டர் தேடும் இரண்டாவது டிக்கையும் போட்டால் அதற்கே பல மணி நேரம் ஓடிவிடும். சி டிரைவ் என்றால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும், செய்யுங்கள். ஃபைல் சிஸ்டத்தில் பிழை இருப்பதாகக் குறி விழுந்திருந்தால் எக்ஸ்பியில் டிஃப்ராக் தொடங்கவே மறுக்கும். அந்த மறுப்பும் இந்தச் சோதனையோடு தீர்ந்துவிடும்.

எக்ஸ்பி சிஸ்டத்தில் ஒளிந்திருக்கும் ஒரு கோளாறு

ஐடிஇ என்ற பட்டையான கேபிளோடு வந்த பழைய கம்ப்யூட்டர்களில் மட்டும் பார்க்க வேண்டியது இது. ஆனால் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால் வேறு எந்த வழியிலும் கிடைக்காத வேகம் கிடைக்கும். டிஸ்க்கிலிருந்து தகவல் வரும்போது பிழைகள் சேர்ந்துகொண்டே போனால், ஆறு தடவைக்குப் பிறகு எக்ஸ்பி அந்தச் சேனலை டிஎம்ஏ என்ற வேகமான முறையிலிருந்து பிஐஓ என்ற பழைய முறைக்குப் படிப்படியாக இறக்கிவிடும். பிஐஓ முறையின் உச்ச வேகமே விநாடிக்கு 16.6 எம்பி. அதோடு ஒவ்வொரு தகவலையும் பிராசஸரே கையால் தூக்கிப்போடுவது போல நகர்த்த வேண்டியிருப்பதால் சிஸ்டம் முழுவதும் இழுக்கும். டிஃப்ராக் ஓடும்போது மவுஸ் அம்புக்குறியே விட்டுவிட்டு நகர்ந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர்கள் பகுதியை விரித்து, 'பிரைமரி ஐடிஇ சேனல்' மேல் இரண்டு முறை க்ளிக் செய்து, 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பாருங்கள். 'கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற வரியில் 'அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5' போல இருக்க வேண்டும். 'பிஐஓ' என்று இருந்தால் அதே சேனலை ரைட் க்ளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏ-வுக்குத் திரும்பும். சில நாளில் மீண்டும் பிஐஓ-வுக்கு இறங்கினால் கேபிளை மாற்ற வேண்டும். அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2-லேயே நின்றுவிட்டால், 40 இழைகள் கொண்ட பழைய கேபிள் போட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் போக 80 இழைகள் கொண்ட கேபிள் வேண்டும். இரண்டும் ஒரே அகலம்தான். இழைகள் மெலிந்து நெருக்கமாக இருப்பதுதான் 80.

காலியிடம்: பாதி வேகம் இங்கேதான்

டிஃப்ராக் ஒரு ஃபைலை ஒன்று சேர்க்க வேண்டுமானால் அந்த ஃபைல் முழுவதும் அடங்கும் அளவுக்குத் தொடர்ச்சியான காலியிடம் வேண்டும். சாமான் நிறைந்த அறையில் ஒரு பீரோவை நகர்த்துவதுபோலத்தான் இது. தரை தெரிந்தால் ஒரே தள்ளு. தரையே தெரியவில்லை என்றால் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து வேறோர் இடத்தில் வைத்து, பீரோவை ஓர் அடி நகர்த்தி, பெட்டிகளைத் திரும்ப வைத்து என்று நாள் முழுக்க ஓடும். விண்டோஸ் எக்ஸ்பி டிரைவில் குறைந்தது 15 சதவீதம் காலி கேட்கும். 80 ஜிபி என்று விற்ற டிஸ்க்கில் விண்டோஸ் காட்டுவது ஏறத்தாழ 74.5 ஜிபி; அதில் 15 சதவீதம் 11 ஜிபிக்குச் சற்று மேல். அது குறைந்தபட்சம். 25 சதவீதம் காலி இருந்தால் வேலை கண்கூடாக வேகமாக நடக்கும்.

அழிக்க வேண்டியதை டிஃப்ராக் செய்யும் முன்பே அழியுங்கள். பின்னால் அழித்தால், குப்பையையும் மணிக்கணக்கில் நகர்த்தி அடுக்கிவிட்டு, பிறகு அடுக்கிய வரிசையின் நடுவே ஓட்டை போட்டதாகிவிடும். எந்த வரிசையில் செய்தால் அதிக இடம் கிடைக்கும் என்றால்:

ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள். டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் 'டிஸ்க் க்ளீனப்' ஓட்டுங்கள். விண்டோஸை ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருந்தால் அதிலேயே பழைய விண்டோஸை நீக்கும் வரி இருக்கும். பல ஜிபி மிஞ்சும். எக்ஸ்பி டிஸ்க் க்ளீனப்பில் 'கம்ப்ரஸ் ஓல்டு ஃபைல்ஸ்' என்று ஒரு வரி வரும், அதில் மட்டும் டிக் போடாதீர்கள். சுருக்கி வைக்கும் ஃபைல்களை விண்டோஸ் 64 கேபி அளவுள்ள கூறுகளாகப் பிரித்துச் சுருக்குவதால் அவை மிக மோசமாகச் சிதறும். ஏற்கெனவே யாராவது டிரைவ் முழுவதையும் சுருக்கி வைத்திருந்தால், ப்ராப்பர்ட்டீஸின் முதல் பக்கத்தில் அதற்குரிய டிக் விழுந்திருக்கும். இடம் போதுமென்றால் அந்த டிக்கை எடுத்து விரியவிட்டு, பிறகு டிஃப்ராக்குக்கு வாருங்கள்.

பழைய ரெஸ்டோர் பாயின்ட்டுகளும் (சிஸ்டத்தை முந்தைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் சேமித்து வைப்பவை) நிறைய இடம் பிடிக்கும். டிஸ்க் க்ளீனப்பின் 'மோர் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில், கடைசி ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கும் பட்டன் இருக்கிறது.

அதற்கப்புறம், ஹைபர்னேட் செய்யும்போது ரேமில் இருப்பதைச் சேமிக்கும் ஹைபர்னேட் ஃபைல். 4 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் 7 சிஸ்டத்தில் இது மட்டும் 3 ஜிபி. டிஃப்ராக்கால் நகர்த்த முடியாமல் நடுவழியில் பாறைபோல் உட்கார்ந்திருப்பதும் இதுதான். எக்ஸ்பியில் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஹைபர்னேட் பக்கத்தில் டிக்கை எடுத்தால் போய்விடும். விண்டோஸ் 7, 10 ஆகியவற்றில் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். ஆங்கிலத்தில் பி-ஓ-டபிள்யூ-இ-ஆர்-சி-எஃப்-ஜி என்று சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி, கேள்விக்குறி விசையில் உள்ள சாய்கோடும் எச் எழுத்தும், மறுபடி இடைவெளி, ஓ-எஃப்-எஃப். என்டர் அழுத்தியதும் ஃபைல் அழிந்துவிடும். வேலை முடிந்தபின் கடைசிச் சொல்லுக்குப் பதில் ஓ-என் தட்டினால் திரும்ப வந்துவிடும், இந்தமுறை பெரும்பாலும் ஒரே துண்டாக.

பேஜ் ஃபைலை எடுத்துவிட்டு ஓட்டலாமா?

பேஜ் ஃபைலும் விண்டோஸ் ஓடும்போது நகராது. 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' போய், பெர்ஃபாமன்ஸ் செட்டிங்ஸ், அதில் மறுபடி அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி, சேஞ்ச் என்று உள்ளே இறங்கி, 'நோ பேஜிங் ஃபைல்' தேர்ந்து, செட் அழுத்தி, ரீஸ்டார்ட் செய்தால் அந்த ஃபைல் காணாமல் போகும். டிஃப்ராக் முடிந்ததும் அதே இடத்துக்குப் போய் 'கஸ்டம் சைஸ்' தேர்ந்து, ஆரம்ப அளவுக்கும் உச்ச அளவுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். 2 ஜிபி ரேமுக்கு 3072 எம்பி சரியாக இருக்கும். அளவு மாறாததால் அந்த ஃபைல் நாளடைவில் வளர்ந்து வளர்ந்து சிதறாது.

ரேம் 2 ஜிபிக்கும் குறைவு என்றால் இந்த வேலை வேண்டாம். பேஜ் ஃபைல் இல்லாமல் விண்டோஸ் மெமரி போதவில்லை என்று பாதியில் முட்டி நிற்கலாம். இரண்டாவது ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்கு மாற்றிவிட்டு ஓட்டுவது பாதுகாப்பு.

மற்ற புரோகிராம்களை அடக்குவது

கை ஒன்றுதான் என்பதை நினைவில் வையுங்கள். டிஃப்ராக் ஓடும்போது பாட்டுக் கேட்டாலும், பிரவுசர் திறந்திருந்தாலும், பின்னணியில் ஏதாவது டவுன்லோட் ஆனாலும் அந்தக் கை பாதி வேலையை விட்டுவிட்டு அங்கே ஓட வேண்டும். போதாக்குறைக்கு, புதிதாக எழுதப்படும் ஃபைல் டிஃப்ராக் இப்போதுதான் திரட்டி வைத்த காலியிடத்தில் போய் உட்காரும்.

இணையத்தைத் துண்டியுங்கள். அப்டேட்டுகள் தாமாக இறங்குவது அதோடு நின்றுவிடும். ஆன்டிவைரஸின் காவலை நிறுத்த வேண்டியதில்லை. அதில் கிடைக்கும் லாபம் சொற்பம். அன்றைக்கு முழு ஸ்கேன் ஏதாவது திட்டமிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து அதை மட்டும் தள்ளிவையுங்கள். டிஃப்ராக்கும் முழு ஸ்கேனும் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டுமே முடியாது.

சர்வீசஸ் பட்டியலைத் திறந்து 'விண்டோஸ் சர்ச்' என்ற சர்வீசை நிறுத்துங்கள். விஸ்டாவிலும் 7-லும் 'சூப்பர்ஃபெட்ச்', விண்டோஸ் 10-இன் பின்வந்த பதிப்புகளில் 'சிஸ்மெயின்' என்று இருப்பதையும் நிறுத்துங்கள். நிறுத்தினால் போதும், டிஸேபிள் செய்ய வேண்டாம். அப்போது அடுத்த ரீஸ்டார்ட்டில் அவை தாமாக எழுந்துகொள்ளும். டாஸ்க்பார் ஓரத்தில் ஐகான்கள் குவிந்து கிடக்கும் சிஸ்டமாக இருந்தால், சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சர்வீசஸ் பக்கத்தில் முதலில் 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' டிக் போட்டுவிட்டு, மிச்சத்தை அணைத்து ரீஸ்டார்ட் செய்வது நல்லது. அந்த டிக்கைப் போடாமல் எல்லாவற்றையும் அணைத்துவிடாதீர்கள், விண்டோஸுக்கே தேவையானவையும் அணைந்துவிடும்.

பவர் ஆப்ஷன்ஸில் ஸ்லீப்பும், ஹார்ட் டிஸ்க்கை அணைக்கும் நேரமும் 'நெவர்' என்று இருக்கட்டும். லேப்டாப்பைச் சார்ஜரில் செருகி, காற்றுத்துளை மறையாத கட்டியான மேசையில் வையுங்கள். பேட்டரியில் ஓடினால் விண்டோஸின் தானியங்கி டிஃப்ராக் தொடங்காது.

இப்போது ஓட்டுங்கள்

முதலில் 'அனலைஸ்' மட்டும் கொடுங்கள். சிதறல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் இவ்வளவு பாடும் தேவையில்லை, அப்படியே விட்டுவிடலாம்.

விண்டோஸ் 7-இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் டிஃப்ராக் வழக்கமாகக் குறைந்த முன்னுரிமையில்தான் ஓடும். நீங்கள் வேறு வேலை செய்தால் இடைஞ்சல் வரக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். சிஸ்டத்தைச் சும்மா விட்டு ஓட்டும்போது இந்தப் பணிவு வேண்டாமே. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் டி-இ-எஃப்-ஆர்-ஏ-ஜி என்று தட்டி, இடைவெளி, சி எழுத்தும் முக்காற்புள்ளியும், இடைவெளி, சாய்கோடு எச், இடைவெளி, சாய்கோடு யு, இடைவெளி, சாய்கோடு வி என்று கொடுத்து என்டர் அழுத்துங்கள். எச் சாதாரண முன்னுரிமைக்கு உயர்த்தும். யு எவ்வளவு முடிந்தது என்று காட்டும். வி கடைசியில் முழுக் கணக்கையும் தரும். எக்ஸ்பியில் இந்த எச் கிடையாது.

ஒரே ஹார்ட் டிஸ்க்கை சி, டி என்று பிரித்து வைத்திருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். ஒரே கை இரண்டு பார்ட்டிஷனுக்கும் மாறி மாறி ஓடும். ஒன்று முடிந்து மற்றது என்பதே வேகம். தனித்தனி டிஸ்க்குகள் என்றால் சேர்த்தே ஓட்டலாம்.

முழு டிஃப்ராக்குக்கு நேரமே இல்லை என்பவர்களுக்கு இன்னொரு வழி: மோசமாகச் சிதறிய ஃபைல்களை மட்டும் சேர்ப்பது. டிஃப்ராக்லர் போன்ற இலவச மென்பொருளில் அனலைஸ் முடிந்ததும் 'ஃபைல் லிஸ்ட்' பக்கத்தில் ஒவ்வொரு ஃபைலும் எத்தனை துண்டாக இருக்கிறது என்று வரும். துண்டு எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி, மேலே உள்ள ஐம்பது ஃபைல்களில் டிக் போட்டு அவற்றை மட்டும் ஓட்டுங்கள். பெரும்பாலும் மெயில் சேமிப்பு ஃபைல், பிரவுசரின் தகவல் ஃபைல்கள், கொஞ்சம் கொஞ்சமாக டவுன்லோட் ஆனவைதான் அங்கே நிற்கும். சிஸ்டத்தின் மந்தத்தில் பெரும்பங்கு இவற்றால் வருவது. பெரிய வீடியோ ஃபைல்களை விட்டுவிடலாம். ஒவ்வொரு துண்டும் 64 எம்பி இருந்தால் அதைப் படிக்க 0.8 விநாடி ஆகும். தாவுவதற்கு ஆவது அதில் இரண்டு சதவீதம்தான். விஸ்டாவிலிருந்து விண்டோஸே 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளைச் சிதறலாகக் கணக்கில் எடுப்பதில்லை.

எல்லா ஃபைல்களையும் பெயர்வாரியாகவோ தேதிவாரியாகவோ வரிசைப்படுத்தி அடுக்கும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. பழைய டிஸ்க்கில் அதைத் தொடாதீர்கள். சிதறாத ஃபைலையும் சேர்த்து நகர்த்துவதால் வேலை பல மடங்காகும். இரண்டு மென்பொருள்களை மாற்றி மாற்றி ஓட்டுவதும் வீண். ஒவ்வொன்றும் தன் பாணியில் அடுக்கும், முன்னது அடுக்கியதைப் பின்னது கலைக்கும்.

டேட்டா டிரைவுக்குக் குறுக்கு வழி

விண்டோஸ் இல்லாத, படமும் பாட்டும் ஆவணமும் மட்டும் உள்ள டிரைவ் என்றால் டிஃப்ராக்கே வேண்டாம். உள்ளே இருப்பதை வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்து, டிரைவைக் குவிக் ஃபார்மட் செய்து, திரும்பக் காப்பி செய்தால் எல்லா ஃபைலும் ஏறத்தாழ ஒரே துண்டாக வரிசையாக உட்காரும். விநாடிக்கு 30 எம்பி வேகம் தரும் யுஎஸ்பி 2.0 டிஸ்க்கில்கூட 200 ஜிபி போக ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம், வர அதே நேரம். சிறு ஃபைல்கள் நிறைய இருந்தால் இன்னும் கூடும். அப்படியும் மோசமாகச் சிதறிய டிரைவுக்கு இது பெரும்பாலும் லாபம்தான்.

ஃபார்மட்டுக்கு முன் மூன்று விஷயங்கள். கட் செய்யாமல் காப்பி மட்டும் செய்யுங்கள். மறைந்திருக்கும் ஃபைல்களையும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் ஃபைல்களின் எண்ணிக்கையும் மொத்த பைட் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று ப்ராப்பர்ட்டீஸில் ஒப்பிட்டு, நாலைந்து ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள். சி டிரைவில் இந்த வழி செல்லாது.

ஓடும்போது வரும் குழப்பங்கள்

சதவீதம் 100 வரை போய் மறுபடி பூஜ்யத்துக்கு வந்தால் கோளாறு ஒன்றுமில்லை. விண்டோஸ் பல சுற்றுகளாக வேலை செய்யும், ஒவ்வொரு சுற்றுக்கும் எண் புதிதாகத் தொடங்கும். முதல் சில சுற்றுகள்தான் நீளம்.

எண் நகராமல் நின்றால் ஹார்ட் டிஸ்க் விளக்கைப் பாருங்கள். அது மினுக்கிக்கொண்டே இருந்தால் பெரிய ஃபைல் ஒன்று நகர்கிறது, பொறுத்திருக்கலாம். விளக்கு அணைந்தோ அசையாமல் எரிந்தோ அரைமணி நேரம் போனால் நிறுத்திவிட்டு ஸ்மார்ட் விவரங்களை மறுபடி பாருங்கள். நடுவில் 'ஸ்டாப்' அழுத்துவதால் சேதம் இல்லை, அதுவரை சேர்ந்தது சேர்ந்ததுதான். பவர் பட்டனை அழுத்தி அணைப்பதும் திடீரென மின்சாரம் போவதும் வேறு. டிஸ்க்கின் தற்காலிக நினைவில் இருந்தது எழுதப்படாமல் போகலாம். மின்சாரம் நிலையாக இல்லாத நேரத்தில் யுபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

சில ஃபைல்களைச் சேர்க்க முடியவில்லை என்று கடைசியில் வருவது சகஜம். காலியிடம் துண்டு துண்டாக இருந்திருக்கும், அல்லது அவை பயன்பாட்டில் இருந்திருக்கும். ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஓட்டினால் பாதி குறையும். பழைய ரெஸ்டோர் பாயின்ட்டுகள் காணாமல் போனாலும் பதற வேண்டாம். துண்டுகள் இடம் மாறுவதை அந்த வசதி மாற்றமாகப் பதிவதால், ஒதுக்கிய இடம் நிறைந்து பழையவை விழுந்துவிடுகின்றன. புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

வெளியே செருகும் சில பெரிய டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் என்ற முறையில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு தடத்தை மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் எழுத வேண்டியிருப்பதால் டிஃப்ராக் அங்கே நத்தைபோல் ஊரும். அவற்றுக்கு மேலே சொன்ன குறுக்கு வழியே சரி.

முடிந்த பிறகு

அணைத்த சர்வீஸ்களையும் ஸ்லீப் நேரத்தையும் பேஜ் ஃபைலையும் ஹைபர்னேட்டையும் பழையபடி வைத்து, ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு தானியங்கி டிஃப்ராக் நேரத்தைப் பாருங்கள். விண்டோஸ் 7-இல் அது புதன்கிழமை இரவு 1 மணிக்கு என்று வைக்கப்பட்டிருக்கும். வீட்டில் அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும் என்பதால் டிஃப்ராக் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கலாம். கம்ப்யூட்டர் எழுந்திருந்தும் யாரும் தொடாத ஒரு நேரத்துக்கு, உதாரணமாக மதியச் சாப்பாட்டு வேளைக்கு, அதை மாற்றுங்கள். வாரம் ஒரு முறை ஓடினால் ஒவ்வொரு முறையும் சேர்க்க வேண்டியது கொஞ்சமே இருக்கும். பெரும்பாலும் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்திருக்கும்.